பிரியஸ் 30: பழைய மொடியூல்களை வாங்கிப் பற்றரியை மீளக் கட்டுவது குறித்து

1. பனைநிழல் (சுன்னாகம்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2010 ஆம் ஆண்டுத் தயாரிப்பான மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் (பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைப்ரிட் கார்) இருக்கிறது. யப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த வாகனம். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்கப்படாமல் இருந்ததால், மாற்றலாம் என்று நினைத்த வாகனத்தையே ஐந்து ஆண்டுகள் கூடுதலாக வைத்திருக்க வேண்டியதாயிற்று. இப்போது புதிய விலைகளைப் பார்த்த பின் அதை மாற்றும் எண்ணமே போய்விட்டது.

கடந்த மாதம் கொழும்பிலிருந்து ஏ9 வீதியில் திரும்பும்போது மாங்குளத்துக்கு அருகில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பின் இருக்கைப் பக்கம் மின்விசிறி அடங்காமல் இரைந்தது. ஸ்கானரில் பி0ஏ80 என்ற, ஹைப்ரிட் பற்றரியை மாற்றச் சொல்லும் பிழைக்குறி வந்தது. பற்றரியிலுள்ள மொடியூல்களை ஸ்கானர் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பதினான்கு புளொக்குகளாகக் காட்டுகிறது. ஓய்வில் பதின்மூன்று புளொக்குகள் 15.6 முதல் 15.8 வோல்ற் வரை காட்டுகின்றன. ஏழாவது மட்டும் 14.5 காட்டுகிறது. அக்சிலேற்றரை அழுத்தினால் ஏனையவை 14.2 அளவில் நிற்க, ஏழாவது 11.9 வரை விழுகிறது.

உள்ளூர்க் கராஜ் ஒன்றில் ஒரேயொரு மொடியூலை மாற்றினால் போதும் என்கிறார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் சோதிக்கப்பட்ட உதிரி மொடியூல்களும், யப்பானில் விபத்துக்குள்ளான வாகனத்திலிருந்து கழற்றிய முழுத் தொகுதியும் கிடைக்கின்றன என்று கேள்விப்பட்டேன். புதிய தொகுதி வாங்க என்னால் இயலாது. எதை வாங்குவது, கடையில் நின்றபடியே எவ்வாறு சோதிப்பது என்பதை அறிந்தவர்கள் சொல்லித் தந்தால் நன்றியுடையவனாவேன்.

2. நட்டுச்சாவி (வவுனியா)

தம்பி, அளவீடுகளோடு கேட்டதால் பதில் சொல்வது எளிதாக இருக்கிறது. உங்கள் பற்றரியில் 28 மொடியூல்கள் உள்ளன. ஒவ்வொரு மொடியூலிலும் 1.2 வோல்ற் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் செல்கள் ஆறு. ஆகவே மொடியூல் ஒன்று 7.2 வோல்ற், முழுத் தொகுதி 201.6 வோல்ற், கொள்ளளவு 6.5 அம்பியர் மணி. பற்றரி ஈசியூ (பற்றரியைக் கண்காணிக்கும் சிறு கணினி) ஒவ்வொரு மொடியூலையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. இரண்டிரண்டாகச் சேர்த்துப் பதினான்கு புளொக்குகளாகப் பார்க்கிறது. உங்கள் ஏழாவது புளொக் ஓய்வில் ஏறத்தாழ 1.2 வோல்ற் குறைவாக நிற்பதால், அந்த இரண்டு மொடியூல்களில் ஒன்றில் ஒரு செல் இறந்துவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஏழாவது புளொக் என்பதும் தற்செயல் அல்ல. வரிசையின் நடுவில் இருக்கும் மொடியூல்கள்தான் அதிகம் சூடாகின்றன, அவையே முதலில் சாகின்றன. பின் இருக்கையின் பக்கத்திலுள்ள காற்று உறிஞ்சும் வாயைத் திறந்து பாருங்கள். அங்கே தூசும் தலைமயிரும் பஞ்சுபோல் படிந்து விசிறியின் சிறகுகளை அடைத்திருப்பதை நான் எத்தனையோ வாகனங்களில் கண்டிருக்கிறேன். விசிறியைத் துப்புரவாக்காமல் மொடியூலை மாற்றுவது, ஒழுகும் கூரையின் கீழ் புதுப் பாய் விரிப்பது போன்றது.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்ததுமே மொடியூல் வாங்க ஓடாதீர்கள். 12 வோல்ற் பற்றரி தளர்ந்தாலும் தேவையற்ற எச்சரிக்கைகள் வரும். மொடியூல்களை இணைக்கும் செப்புப் பஸ்பார்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலோ, வோல்ற் அளக்கும் மெல்லிய கம்பிகளின் முனை அரித்திருந்தாலோ, நல்ல மொடியூலும் கெட்டது போலத் தெரியும்.

3. கிளாலி (சாவகச்சேரி)

நான் அக்குவா (ரொயோற்றாவின் சிறிய ஹைப்ரிட் கார்) வைத்து வாடகைக்கு ஓடுகிறேன். என்னுடையதில் 20 மொடியூல்கள், 144 வோல்ற். ஒரு மொடியூல் மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன் என்பதால் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மொடியூல் போனது. கராஜில் ஒன்றை மாற்றிக் குறியை அழித்துக் கொடுத்தார்கள். பதினொரு வாரங்களில் வேறொரு மொடியூல் போனது. அதையும் மாற்றினேன். பின்னர் ஆறு வாரங்களில் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் கூலி, ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் ஓட்டம் இல்லை. மூன்றாம் முறை பற்றரியைத் திறக்கும்போது நான் அருகில் நின்று பார்த்தேன். அவர்கள் போட்ட மொடியூலின் பக்கம் வயிறு போல வீங்கியிருந்தது. கேட்டதற்கு, பழைய பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்று கடைக்காரர் சொன்னதோடு பேச்சு முடிந்தது.

அண்ணா, உங்களுக்கு ஒரு மொடியூல் போதும் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கூற மாட்டேன். அடுத்த நாள் வாகனம் ஓடும் என்பது உண்மை. ஆனால் ஏனைய இருபத்தேழும் அதே வயது, அதே வெயில், அதே தூசு.

4. உலைக்களம் (திருகோணமலை)

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் இயக்கவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். இதுவரை எனக்கும் உறவினர்களுக்குமாக நான்கு தொகுதிகளைப் பழைய மொடியூல்களால் மீளக் கட்டியிருக்கிறேன். கேள்வி எதை வாங்குவது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உதிரியாக விற்கப்படும் மொடியூல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். ஒருவர் முழுத் தொகுதி ஒன்றை உடைக்கிறார். அதிலுள்ள நல்லவற்றைத் தெரிந்தெடுத்துத் தம்மிடம் வரும் வாகனங்களுக்குப் போடுகிறார். எஞ்சியவை மேசைக்கு வருகின்றன. அதே மேசைக்கு, பழுதுபார்த்த வாகனங்களிலிருந்து கழற்றப்பட்டு, மீண்டும் சார்ஜ் ஏற்றப்பட்ட மொடியூல்களும் வருகின்றன. கடைக்காரர் நேர்மையானவராகவே இருந்தாலும், அவர் கையில் இருப்பது பிறர் பொறுக்கிய பின் மிஞ்சிய குவியல்தான். ஆகவே என் உறுதியான கருத்து: உதிரியாக வாங்காதீர்கள். யாரும் திறக்காத ஒரு முழுத் தொகுதியை, அதுவும் முன்பக்கம் அடிபட்ட வாகனத்திலிருந்து வந்ததாக வாங்குங்கள். பற்றரி பின்பக்கம் இருப்பதால் பின்னால் இடிபட்ட வாகனத்தின் தொகுதியை நான் கையாலும் தொடுவதில்லை.

திறக்கப்பட்டதா இல்லையா என்பதை எப்படி அறிவது? ஒவ்வொரு மொடியூலிலும் தொடர் இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் ஒரே தொகுதியாகக் கட்டப்பட்டவற்றின் இலக்கங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும். இருபத்தாறு இலக்கங்கள் ஒரு குடும்பமாகவும் இரண்டு மட்டும் அயலாகவும் இருந்தால், அந்தத் தொகுதிக்கு ஏற்கெனவே ஒருமுறை வைத்தியம் நடந்திருக்கிறது. நட்டுகளின் விளிம்பையும் பாருங்கள். சாவி பட்ட நட்டு மினுங்கும். சாவி படாத நட்டில் பத்தாண்டுத் தூசு அசையாமல் இருக்கும்.

அடுத்தது, கடையில் நின்று செய்யும் சோதனை. ஒரு நல்ல மல்ரிமீற்றர், 55 வாற்று ஹெட்லைற் பல்ப், இரண்டு முதலைக் கவ்விகள், ஓர் இரும்பு அடிமட்டம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஓய்வு வோல்ற்றை மட்டும் பார்த்து எதையும் நம்ப வேண்டாம். முந்தைய இரவு சார்ஜ் ஏற்றிய சாகும் மொடியூலும் காலையில் 8.3 வோல்ற் காட்டும். சொல்லப்போனால் பழைய மொடியூல்கள் எல்லாமே 8.3 காட்டினால் அது எனக்குச் சந்தேகத்தைத்தான் தருகிறது, ஏனெனில் வாகனத்திலிருந்து கழற்றிச் சில மாதங்கள் கிடந்த நல்ல மொடியூல் பெரும்பாலும் 7.6க்கும் 7.9க்கும் இடையில் நிற்கும். தொகுதிக்குள் எல்லாம் ஒரே அளவில் குறைந்திருப்பது நல்ல அறிகுறி. ஒன்று மட்டும் 6.5 அளவில் இருந்தால் அதில் ஒரு செல் இல்லை என்று பொருள்.

பிறகு பல்பை இணைத்து இரண்டு நிமிடம் எரிய விடுங்கள். சுமார் மூன்றரை அம்பியர் இழுக்கும். நல்ல மொடியூல் இணைத்தவுடன் சிறிது இறங்கி, அதன் பிறகு ஏறத்தாழ அசையாமல் நிற்கும். 7.8 இல் இருந்து 7.5க்கு வந்து, இரண்டு நிமிட முடிவிலும் 7.45 காட்டினால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். இறங்கிக்கொண்டே போவது, அல்லது சட்டென்று ஒரு வோல்ற்றுக்கு மேல் விழுவது கழிக்கப்பட வேண்டியது. பல்பைக் கழற்றிய பின் வோல்ற் எவ்வளவு விரைவில் பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடிமட்டத்தை மொடியூலின் அகன்ற பக்கத்தில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் முட்டிக்கொண்டு இரு ஓரங்களிலும் ஒளி தெரிந்தால் அது வீங்கியிருக்கிறது. முனைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி இருந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் கசிந்திருக்கிறது. அந்தக் கசிவு உலோகத் தட்டு வரை ஓடினால் மின்காப்புக் குறைபாட்டுக் குறி வரும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது செல் இறந்ததைக் கண்டுபிடிப்பதைவிடப் பல மடங்கு சிரமம்.

5. பனைநிழல் (சுன்னாகம்)

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. இரண்டு ஐயங்கள் எழுகின்றன. கடைச் சோதனையில் தேறியவற்றை அப்படியே பூட்டலாமா? என்னுடைய தொகுதியில் எஞ்சியிருக்கும் 27 மொடியூல்களை என்ன செய்வது? ஸ்கானரில் அவை நன்றாகத்தானே தெரிகின்றன?

6. உலைக்களம் (திருகோணமலை)

அப்படியே பூட்ட வேண்டாம். கடைச் சோதனை கெட்டதைக் கழிக்க உதவுமே தவிர, நல்லவற்றைத் தரம் பிரிக்க உதவாது. மொடியூல்கள் அனைத்தும் ஒரே சங்கிலியில் தொடராக இணைந்திருப்பதால், எல்லாவற்றின் ஊடாகவும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். கொள்ளளவு குறைந்தது மற்றவற்றுக்கு முன் நிரம்பிச் சூடாகும், மற்றவற்றுக்கு முன் வெறுமையாகும். வெறுமையான பிறகும் அதன் ஊடாக மின்னோட்டம் பாய்ந்தால் அதிலுள்ள பலவீனமான செல் எதிர்த்திசையில் சார்ஜாகி இறந்துவிடும். ஆகவே 4.8 அம்பியர் மணி கொண்ட இருபத்தெட்டு மொடியூல்களால் ஆன தொகுதி, 6 கொண்ட இருபத்தைந்தோடு 3.5 கொண்ட மூன்றைக் கலந்த தொகுதியைவிட மேலானது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மிகச் சிறந்ததைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது ஒத்தவற்றை.

வீட்டில் செய்ய வேண்டியது கொள்ளளவுச் சோதனை. ஐமாக்ஸ் பி6 போன்ற சிறிய சார்ஜர்கள் போதும். ஆறு செல் நிக்கல் மெற்றல் என்று அமைத்து, 4 அம்பியரில் ஏற்றி, 6.0 வோல்ற் வரை இறக்கி, இறங்கிய அம்பியர் மணி அளவைக் குறிக்க வேண்டும். மூன்று சுற்று செய்தால்தான் உண்மை தெரியும், ஏனெனில் நீண்ட காலம் கிடந்த மொடியூல் முதற்சுற்றில் 3.2 காட்டி மூன்றாம் சுற்றில் 5.1 வரை எழும்புவதை நான் கண்டிருக்கிறேன்.

பொறுமைக்கான கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சார்ஜர் 5 வாற்றுக்கு மேல் இறக்காது. அதாவது சுமார் 0.7 அம்பியர். 5 அம்பியர் மணியை இறக்க ஏழு மணித்தியாலம், ஏற்றவும் ஆறவிடவும் இரண்டு மணித்தியாலம், ஆக ஒரு சுற்றுக்கு ஒன்பது. மூன்று சுற்றுக்கு இருபத்தேழு. 28 மொடியூல்களுக்கு 756 மணித்தியாலம். நான்கு சார்ஜர்கள் இரவு பகலாக ஓடினால் எட்டு நாள். ஹெட்லைற் பல்பால் இறக்கி நேரத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் 6 வோல்ற்றில் நிறுத்த ஒருவர் அருகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஏற்றும்போது மொடியூல்களை இரு பலகைகளுக்கு இடையில் வைத்து, நீண்ட போல்ற்றுகளால் இறுக்கிக் கட்டாமல் ஒருபோதும் ஏற்றாதீர்கள். அவற்றின் பிளாஸ்ரிக் உறை உள்ளழுத்தத்தைத் தனியே தாங்காது. மேசையில் தனியாக வைத்து ஏற்றியதால் வீங்கியவற்றைத்தான் தம்பி கிளாலியின் கராஜ்காரர் போட்டிருப்பார் என்று ஊகிக்கிறேன்.

மூன்று சுற்று முடிந்ததும் எல்லாவற்றையும் நிரப்பி, இரண்டு வாரம் தொடாமல் வைத்து வோல்ற்றை அளவிடுங்கள். கொள்ளளவு நன்றாக இருந்தும் தானாகவே வடிந்துபோகும் மொடியூல்கள் உண்டு. அவற்றை வேறெந்தச் சோதனையும் காட்டிக் கொடுக்காது. ஒரு நாளில் முடிக்கும் கராஜ் எதுவும் இதைச் செய்ய முடியாது.

உங்கள் பழைய 27 பற்றி: முன்முடிவு வேண்டாம். அவற்றையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். வரிசையின் இரு ஓரங்களிலும் இருந்தவை பெரும்பாலும் வெப்பம் குறைவாகப் பட்டவை; அவற்றில் சில தேறக்கூடும்.

7. மின்வேலி (மட்டக்களப்பு)

நான் மின் இணைப்பாளர். இந்த உரையாடலில் இதுவரை யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். இது 201 வோல்ற் நேர்மின்னோட்டம். வீட்டு மின்சாரத்துக்கு நீங்கள் காட்டும் பயத்தைவிடக் கூடுதலான பயத்தை இதற்குக் காட்ட வேண்டும், ஏனெனில் இதற்குள் உங்களைக் காப்பாற்றும் ட்ரிப் சுவிட்ச் எதுவும் இல்லை.

முதலில் 12 வோல்ற் பற்றரியைக் கழற்றுங்கள். 1000 வோல்ற்றுக்குத் தரப்படுத்தப்பட்ட இறப்பர்க் கையுறை அணிந்து செம்மஞ்சள் நிறச் சேர்விஸ் பிளக்கை இழுத்து, வேறு யாரும் திருப்பிப் போட முடியாதபடி அதை உங்கள் சட்டைப் பையில் வையுங்கள். இன்வேட்டரில் மின்னைத் தேக்கி வைத்திருக்கும் கொள்ளளவிகள் வடிய குறைந்தது பத்து நிமிடம் காத்திருங்கள். கையுறையை அணியுமுன் அதன் வாயை முறுக்கிக் காற்றை அடைத்து, ஓட்டை இல்லையா என்று பாருங்கள்.

பலர் பிழைவிடும் இடம் அடுத்ததுதான். பிளக்கை இழுத்தால் பற்றரி செத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பிளக் சங்கிலியை ஓரிடத்தில் வெட்டுகிறதே ஒழிய, வெட்டப்பட்ட ஒவ்வொரு துண்டிலும் மொடியூல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. பஸ்பார்களைக் கழற்றிச் சங்கிலி துண்டுதுண்டாகும் வரை கையுறையைக் கழற்றாதீர்கள். மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி அனைத்தையும் வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். சாவியின் கைப்பிடி முழுவதையும் மின்காப்பு நாடாவால் சுற்றுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், அருகில் ஒருவர் நிற்கட்டும்.

மொடியூல்கள் ஒன்றுவிட்டு ஒன்று பிளஸ், மைனஸ் முனைகள் பக்கம் மாறி அடுக்கப்பட்டிருக்கும். கழற்றுமுன் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் 1 முதல் 28 வரை எழுதுங்கள். திருப்பி அடுக்கும்போது ஒன்றைப் பிழையான பக்கம் வைத்தால், அது சங்கிலியில் எதிர்த்திசையில் இணைந்து மொத்த வோல்ற்றைக் குறைத்துவிடும்.

8. தொலைவழி (ஸ்காபரோ)

இங்கு கனடாவில் நான் இரண்டாம் தலைமுறைப் பிரியஸை ஓட்டி, ஒருமுறை இதே வேலையைச் செய்தவன். நிக்கல் மெற்றல் பற்றரியைக் கொல்வது கிலோமீற்றரைவிட வெப்பமே என்பதை நானும் உறுதிப்படுத்துகிறேன். குளிரான இடத்தில் ஓடிய வாகனத்தின் தொகுதி கிடைத்தால், ஓடிய தூரம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் தயங்காதீர்கள்.

ஆனாலும் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிய விரும்புகிறேன். உங்கள் ஒரு மாத உழைப்புக்கும் விலை உண்டு. வாகனத்தை இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் வைத்திருக்க எண்ணினால், கடன்பட்டாவது புதிய செல்களால் ஆன தொகுதியை வாங்குவதே சிக்கனம் என்பது என் எண்ணம். பழைய மொடியூலின் எதிர்காலத்தை எந்தச் சோதனையும் சொல்லாது. இன்றைய நிலையைத்தான் சொல்லும்.

9. உலைக்களம் (திருகோணமலை)

தொலைவழி சொல்வது சரி. நானும் இதை நிரந்தர வைத்தியம் என்று கூறவில்லை. கவனமாகத் தரம் பிரித்த பழைய தொகுதி மூன்று நான்கு ஆண்டுகள் ஓடினால் நான் மனநிறைவு கொள்வேன். என்னுடைய முதல் தொகுதி மூன்றே முக்கால் ஆண்டு ஓடியது. இரண்டாவதில், தானாக வடிகிறதா என்று இரண்டு வாரம் வைத்துப் பார்க்கும் சோதனையை அவசரத்தில் விட்டேன்; அது பதினான்கு மாதத்தில் திரும்பி வந்தது. கடன் வட்டியைத் தாங்கக்கூடியவர் புதியதை வாங்கட்டும். நம் ஊரில் பலருக்கு அந்தத் தெரிவு இல்லை. அவர்கள் ஏமாறாமல் வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

10. பனைநிழல் (சுன்னாகம்)

கொழும்பு போய் வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், அடுத்தவருக்கு உதவும்.

முதற் கடையில் உதிரி மொடியூல்கள் பிளாஸ்ரிக் கூடையில் அடுக்கியிருந்தன. பத்தை எடுத்து அளந்தேன். 8.31, 8.30, 8.32 என்று எல்லாம் ஒரே குரலில் பேசின. ஐயாவின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. பல்பைப் பூட்ட அனுமதி கேட்டேன். கடைக்காரர் விருப்பமில்லாமல் சம்மதித்தார். மூன்றாவது மொடியூலில் பல்ப் எரிந்த நாற்பதாவது விநாடியில் 6.7 வந்தது. பத்தில் நான்கு ஒரு நிமிடத்துக்குள் 7க்குக் கீழே போயின. அவர் முகம் மாறியது. நான் நன்றி சொல்லிவிட்டு வெளியேறினேன்.

மூன்றாவது கடையில் முழுத் தொகுதி ஒன்று மரத்தட்டின் மேல், உறையோடு இருந்தது. வயதான ஒருவர் பொறுப்பாக இருந்தார். மேல் மூடியைத் திறக்க அவரே உதவினார். உள்ளே சாம்பல் நிறத் தூசு மெல்லிய துணி விரித்தது போலப் பரவியிருந்தது; நட்டுகளைச் சுற்றி அது கலையவே இல்லை. இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் கொப்பியில் எழுதினேன். இருபத்தெட்டும் ஒரே குடும்பம். ஓய்வில் மிகக் கூடியது 7.74, மிகக் குறைந்தது 7.68. பல்ப் சோதனைக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. அவர் எனக்கு ஒரு ஸ்ரூலும் தேநீரும் தந்து, தாமும் அருகில் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். இருபத்தாறு நன்றாக நின்றன. ஒன்று 7.1 வரை இறங்கியது. இன்னொன்றின் முனையில் வெள்ளைப் பொடி இருந்தது. அவ்விரண்டையும் காட்டி விலையைக் குறைக்கக் கேட்டேன், குறைத்தார். புதிய தொகுதிக்கு எனக்குச் சொல்லப்பட்ட விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே முடிந்தது.

11. நட்டுச்சாவி (வவுனியா)

மிகச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். பல்ப் பூட்ட விடாத கடையில் வாங்காதீர்கள் என்பதை இனி என்னிடம் வருபவர்களுக்கும் சொல்லப் போகிறேன்.

பூட்டும்போது கவனிக்க இரண்டு விடயங்கள். பஸ்பார்களை வினாகிரியில் ஊறவைத்து, நீரில் கழுவி, ஈரம் போக உலர்த்திய பின்னரே போடுங்கள். நட்டுகளை 5.4 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். பெரிய ரோர்க் சாவியால் இந்தச் சிறிய அளவை உணர முடியாது. சிறியதை இரவல் வாங்குங்கள். கைப்பலத்தில் இறுக்கி முனையை முறித்தவர்களை நான் அறிவேன். முனை முறிந்தால் சோதனையில் முதலாவதாக வந்த மொடியூலும் குப்பைதான்.

கட்டி முடிக்குமுன் எல்லா மொடியூல்களையும் ஒரு முழு நாளாவது சமாந்தரமாக இணைத்து ஒரே வோல்ற்றுக்குக் கொண்டுவாருங்கள். கொள்ளளவில் சிறந்தவற்றை, வெப்பம் கூடிய நடுப்பகுதியில் அடுக்குங்கள்.

12. பனைநிழல் (சுன்னாகம்)

ஏழு வாரங்களின் பின் எழுதுகிறேன். நான்கு சார்ஜர்களில் இரண்டு என்னுடையவை, இரண்டு இரவல். வாங்கிய 28, என் பழைய 27, ஆக 55 மொடியூல்களைச் சோதித்தேன். எல்லாவற்றுக்கும் மூன்று சுற்றுச் செய்ய நாளாகும் என்பதால், என் பழையவற்றுக்குப் பல்பால் ஒரு சுற்று வைத்து, அதில் 4.5க்கு மேல் வந்த ஒன்பதை மட்டும் சார்ஜருக்கு ஏற்றினேன்.

வாங்கியவற்றில் இருபத்துமூன்று மூன்றாம் சுற்றில் 5.0க்கும் 5.6க்கும் இடையில் வந்தன. என் பழையவற்றில் நான்கு 4.9 முதல் 5.1 வரை வந்தன. நட்டுச்சாவி அண்ணாவும் ஐயாவும் சொன்னபடியே அவை நான்கும் வரிசையின் ஓரத்தில் இருந்தவை. வாங்கியதில் 4.9 காட்டிய ஒன்றையும் சேர்த்து 28 ஆக்கினேன். பிறகு இரண்டு வார ஓய்வு. அந்த ஓய்வில்தான் ஒரு பாடம் கிடைத்தது. 5.4 காட்டி எனக்கு மிகவும் பிடித்திருந்த ஒரு மொடியூல், பதினான்காம் நாள் 7.2க்கு வடிந்து கிடந்தது; ஏனையவை 7.9க்கு மேல் நின்றன. அதை நீக்கி, 4.8 காட்டிய இன்னொன்றைப் போட்டேன். அவசரப்பட்டிருந்தால் அதை நடுவில் வைத்திருப்பேன்.

விசிறியைக் கழற்றியபோது சிறகுகளுக்கிடையில் கம்பளம் போல அடைந்திருந்த தூசை விரலால் உரித்து எடுத்தேன். மின்வேலி அண்ணா சொன்னபடி என் தம்பியை அருகில் நிறுத்தியே பற்றரியைத் திறந்தேன், மூடினேன்.

இப்போது ஓய்வில் பதினான்கு புளொக்குகளுக்கும் இடையிலான வேறுபாடு 0.1 வோல்ற்றுக்குள் நிற்கிறது. முழு அக்சிலேற்றரில் 0.3. சென்ற வாரம் நுவரெலியா போய், றம்பொடை இறக்கத்தில் சார்ஜ் நிரம்பிய நிலையிலும் பற்றரியின் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். விசிறி மெல்லிய ஓசையுடன் ஓடியதே தவிர இரையவில்லை.

கடைசி ஐயம் ஒன்று. நன்றாக இருந்தும் இடம் கிடைக்காத ஐந்து மொடியூல்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை எப்படிப் பாதுகாப்பது?

13. உலைக்களம் (திருகோணமலை)

பலகைகளுக்கு இடையில் இறுக்கியபடியே, வெயில் படாத இடத்தில் வையுங்கள். முனைகளுக்கு மின்காப்பு நாடா ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சுற்று இறக்கி ஏற்றுங்கள். ஒவ்வொன்றிலும் கொள்ளளவையும் சோதித்த திகதியையும் எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்து அந்த எழுத்து இல்லாவிட்டால் அவை மீண்டும் யாரோ ஒருவரின் கூடையிலுள்ள உதிரிகள்தான்.

14. கிளாலி (சாவகச்சேரி)

அண்ணா, அந்த நான்கு சார்ஜர்களையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு இம்முறை திறக்காத அக்குவாத் தொகுதி ஒன்று பார்த்து வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பல்பையும் அடிமட்டத்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன். இருபது இலக்கங்களையும் எழுதிக்கொண்டு நேரே உங்கள் வீட்டுக்கு வருவேன்.

15. பனைநிழல் (சுன்னாகம்)

வாருங்கள் தம்பி. பலகைகளும் போல்ற்றுகளும் கராஜ் மூலையில் அப்படியே இருக்கின்றன. கையுறையை மட்டும் உங்கள் அளவுக்குப் பார்த்து வாங்கி வாருங்கள், என்னுடையது உங்களுக்குச் சிறிதாக இருக்கும்.